ஒத்மான் வோக்: கலவரம் வெடித்த ஊர்வலத்தில் நடந்த அமைச்சர்

1964 ஜூலை 21, செவ்வாய்க்கிழமை. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள். சிங்கப்பூரின் பாடாங் திடலில் மதியத்திலிருந்தே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. 20,000 பேருக்கு மேல் இருக்கும். பள்ளிவாசல்கள், மலாய்ச் சங்கங்கள், கட்சிகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அணியாகத் திரண்டு நின்றன. அங்கிருந்து கேலாங் வரை ஊர்வலமாக நடந்து போவது வழக்கம்.

அந்த அணிகளில் ஒன்று ஆளும் மக்கள் செயல் கட்சியின் மலாய் உறுப்பினர்களுடையது. அதற்குத் தலைமை தாங்கி நின்றவர் ஒத்மான் வோக். வயது 39. சமூக விவகார அமைச்சர். பதவியேற்று ஒரு வருடம்கூட நிறையவில்லை. அவரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பலருடைய பார்வையில் அவர் சீனர்களின் கட்சிக்கு விலைபோனவர், இனத்தைக் காட்டிக்கொடுத்தவர். அந்த வாரங்களில் அந்தக் கட்சியின் மலாய்க்காரர்கள் வாங்கிய வசவுகளில் ‘காஃபிர்’ (இறைமறுப்பாளர்) என்பதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில், அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவே, தன் கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கினார்.

சில மணி நேரத்தில் அந்த ஊர்வலம் கலவரமானது. சிங்கப்பூரின் நவீன வரலாற்றில் இதைவிட மோசமான இனக்கலவரம் நடந்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்காரரான சி. ராஜரத்தினத்தைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் நான் ஒத்மானிடம் வந்து சேர்ந்தேன். சிங்கப்பூரின் முதல் தலைமுறைத் தலைவர்கள் என்றால் முதல் பிரதமர் லீ குவான் இயூ, கோ கெங் சுவீ, ராஜரத்தினம் என்று நம்மவர்கள் சட்டென்று அடுக்குவார்கள். ஒத்மான் பெயர் அந்த வரிசையில் வருவது அபூர்வம். ஆனால் அந்தத் தலைமுறை எடுத்த முடிவுகளில் ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் மிக அதிக விலை வைத்தது எது என்று என்னைக் கேட்டால், ஒத்மான் எடுத்ததைத்தான் சொல்வேன். கட்சியில் மற்றவர்களுக்கு எதிரே நின்றவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். ஒத்மானுக்கு எதிரே நின்றவர்கள் சொந்த ஜனங்கள், சொந்தப் பத்திரிகை, கூட வேலை பார்த்த பழைய சகாக்கள். அவர் ஏன் அந்த ஊர்வலத்துக்குப் போனார், அன்று அத்தனையும் நடந்த பிறகும் ஏன் விலகவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

எலிகளும் அச்சுக்கூடமும்

1924 அக்டோபர் 8 அன்று சிங்கப்பூரில் பிறந்தார். கடலோடிகளான ஓராங் லாவுட் வம்சம் கலந்த மலாய்க் குடும்பம். அப்பா வோக் அகமது பள்ளி ஆசிரியர், பின்னால் தலைமை ஆசிரியரானவர். பையனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலம் படித்தால் பையன் கிறிஸ்தவனாகிவிடுவான் என்ற பயம். அந்தக் காலத்து மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், பொதுவாக இருந்த பயம்தான் அது. அப்பா விடவில்லை. ராடின் மாஸ் பள்ளி, அப்புறம் ராஃபிள்ஸ் கல்வி நிலையம். மலாயும் ஆங்கிலமும் இரண்டும் கைவந்த பிள்ளையாக வளர்ந்தார். படிப்பு முடிந்த கையோடு ஜப்பானியர்கள் வந்துவிட்டார்கள்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலையைப் பற்றி 1991 வரை அவர் வெளியே பெரிதாகப் பேசவில்லை. அந்த ஆண்டு சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றில் அதைச் சொன்னபோது ஊரே அதிர்ந்தது. ஊட்ரம் பக்கம் இருந்த மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஜப்பானிய ராணுவம் ஓர் ஆய்வுக்கூடம் நடத்திவந்தது. பதின்ம வயது ஒத்மான் அங்கே உதவியாள். ஊரெல்லாம் எலி பிடித்துக் கொண்டுவருவார்கள். எலிகளை மயக்கி, அவற்றின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குடுவையில் போட வேண்டும். மலாய், சீன, இந்தியப் பையன்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை. எதற்காக இது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பிளேக் நோயை ஆயுதமாக்கும் ஜப்பானியத் திட்டத்தின் ஒரு கிளைதான் அது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவருக்கே புரிந்தது.

இந்தச் சம்பவத்தை நான் சற்று நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒத்மானைப் பற்றிய கட்டுரைகள் இதை ஒரு விசித்திரத் தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மேலே இருக்கிறவனுக்கு நீ எந்த இனம் என்பது பொருட்டே இல்லை, நீ எடுபிடி, அவ்வளவுதான். இந்த அனுபவம் 17, 18 வயதில் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று இனத்துப் பையன்களுக்கும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது.

போர் முடிந்ததும் 1946 இல் உத்துசான் மலாயு பத்திரிகையில் எழுத்தராகச் சேர்ந்தார். ஆசிரியர் யூசோஃப் இஷாக். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அதிபரானவர், இன்றைக்கும் சிங்கப்பூர் நோட்டுகளில் இருப்பவர். சில மாதங்களிலேயே அவர் ஒத்மானை நிருபராக்கினார். மலாய்க்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்திய, மலாய் மக்களின் குரல் என்று பெயரெடுத்த பத்திரிகை அது. 1950 இல் உதவித்தொகையில் லண்டன் போய் இதழியல் பட்டயம் படித்துத் திரும்பினார். 1957 இல் துணை ஆசிரியர். இடையில் இரவு நேரங்களில் பேய்க்கதைகளும் எழுதினார். பதிப்பு ஏறக் காத்திருக்கும் நேரத்தில் எழுதியவை என்றுதான் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மலாய் வாசகர்கள் அவற்றை விரும்பிப் படித்தார்கள். அமைச்சராகிப் பதவியை விட்டு இறங்கிய பிறகும், அவரைப் பேய்க்கதை எழுதுகிறவராக மட்டுமே அறிந்த வாசகர்கள் இருந்தார்கள்.

அச்சுத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவர் செயலாளராக இருந்தார். அந்தச் சங்கத்தின் சட்ட ஆலோசகர் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியிருந்த ஓர் இளம் வழக்கறிஞர், லீ குவான் இயூ. ஒத்மானின் அரசியல் தொடங்கியது இந்த இடத்தில்தான். லீயை அவர் முதலில் பார்த்தது அரசியல் மேடையில் அல்ல. சம்பளம், வேலை நேரம் என்று தொழிலாளிக்காக வாதாடுகிற ஆளாகத்தான் பார்த்தார். 1954 நவம்பர் 21 அன்று மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டது. சில நாள்களிலேயே ஒத்மான் அதில் உறுப்பினர்.

மலாய்ப் பத்திரிகையாளர் ஒருவர் அம்னோவில் சேர்வதுதான் அன்று இயல்பு. மலாய்க்காரர்களுக்கென்றே உள்ள கட்சி, மலாயா முழுக்க ஆட்சிக்கு வரப்போகிற கட்சி. அதை விட்டு, பெரும்பான்மை சீனர்களைக் கொண்ட, இடதுசாரித் தொழிற்சங்கக்காரர்கள் நிறைந்த ஒரு புதுக் கட்சியில் சேர்ந்தார். அவரைப் பற்றி எழுதுகிற பலர் இதை லீ மீதிருந்த விசுவாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். விசுவாசம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் அச்சுக்கூடம் இருந்தது. எழுத்துக் கோக்கிறவரும் இயந்திரம் ஓட்டுகிறவரும் எந்த மொழி பேசினாலும் அவர்கள் பிரச்சினை ஒன்றுதான் என்று சங்கச் செயலாளராக அவருக்குத் தெரியும். ஏழை மலாய்க்காரரின் கஷ்டத்தை மலாய்க்காரர் கஷ்டம் என்று பார்ப்பதா, ஏழையின் கஷ்டம் என்று பார்ப்பதா? அம்னோவும் ஒத்மானும் பிரிந்த இடம் இதுதான்.

1959 தேர்தலில் கட்சி 51 இடங்களில் 43 ஐ வென்று ஆட்சியைப் பிடித்தது. ஒத்மான் கம்போங் கெம்பாங்கானில் தோற்றார். மலாய்க்காரர்கள் நிறைந்த அந்தத் தொகுதி அம்னோ பக்கம் நின்றது. அவர் பத்திரிகைக்கே திரும்பினார். அங்கேயும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. தலைமையகம் கோலாலம்பூருக்குப் போயிருந்தது. யூசோஃப் இஷாக் வெளியேறினார். 1961 இல் ஆசிரியர் குழு வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லாமல், பத்திரிகை அம்னோவின் கைக்குள் முழுதாகப் போனது.

1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டு மலேசியா உருவானது. ஐந்து நாள் கழித்து சிங்கப்பூரில் தேர்தல். இந்த முறை பாசிர் பாஞ்சாங்கில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில் கேலாங் சிராய், கம்போங் கெம்பாங்கான், தென் தீவுகள் என்று அம்னோ தன் கோட்டையாக நினைத்திருந்த மூன்று மலாய்த் தொகுதிகளையும் மக்கள் செயல் கட்சியின் மலாய் வேட்பாளர்கள் பறித்தார்கள். மலேசியாவை ஆளும் அம்னோவுக்கு இது தாங்க முடியாத அடி. பத்து மாதம் கழித்து வந்த கலவரத்துக்கான விறகு அடுக்கப்பட்டது அந்த இரவில்தான் என்பது என் கணிப்பு.

ஜூலை 21

1964 இன் முதல் பாதி முழுவதும் உத்துசான் மலாயு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதியது: சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் நசுக்கப்படுகிறார்கள். அப்போது கிராஃபோர்டு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்டுவதற்காகக் குடும்பங்களை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் சீனர்களும் இருந்தார்கள். பத்திரிகையில் வந்ததோ மலாய்க்காரர்களைத் துரத்துகிறார்கள் என்று மட்டும். வீடு இழக்கிறவரின் வலி உண்மைதான். அந்த வலியை இனத்தின் பக்கம் திருப்பிவிட்டதுதான் பத்திரிகை செய்த வேலை. ஒத்மான் 17 வருடம் உழைத்த பத்திரிகை அது. தலைப்பு எப்படி வைத்தால் படிக்கிறவன் ரத்தம் கொதிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா?

ஜூலை 12 அன்று அம்னோவின் பொதுச் செயலாளர் சையது ஜாஃபர் அல்பார் சிங்கப்பூர் வந்து, மலாய் அமைப்புகளைக் கூட்டிப் பேசினார். கூட்டம் நடந்தது பாசிர் பாஞ்சாங்கில் ஒரு திரையரங்கில். ஒத்மானின் சொந்தத் தொகுதி. ஏழு நாள் கழித்து லீ குவான் இயூ விக்டோரியா அரங்கில் மலாய் அமைப்புகளைச் சந்தித்து, வேலை, வீடு, கல்வி பற்றிப் பேசினார். இனத்தின் பேரில் ஒதுக்கீடு தர முடியாது, முன்னேற உதவி தருகிறோம் என்பது அவர் நிலை. இரண்டு நாளில் மீலாது ஊர்வலம்.

பாடாங்கில் தொழுகையும் பேச்சுகளும் முடிந்து ஊர்வலம் கிளம்பியது. விக்டோரியா தெரு வழியாகப் போகும்போது நடந்ததை ஒத்மான் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இளைஞர் கும்பல் ஒன்று ‘சீனனை அடி’ என்று கத்திக்கொண்டு போனது. சாலையோரம் சைக்கிளில் வந்த சீனர் ஒருவரைப் பிடித்து அடித்தது. ஒத்மான் தன் அணியோடு அதைப் பார்க்கிறார். அமைச்சராக இருந்தும் அந்த நிமிடத்தில் அவரிடம் போலீஸ் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நடந்து வந்த கட்சித் தொண்டர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

மாலை ஐந்து மணிவாக்கில் காலாங் எரிவாயு ஆலைக்கு அருகே நிலைமை கைமீறியது. முதல் அடி யாருடையது என்பதில் இரண்டு கதைகள் உண்டு. அன்றிரவு லீ வானொலியில் சொன்னது: வரிசையை விட்டு விலகிப்போன ஒரு குழுவை வரிசைக்குத் திரும்பச் சொன்னார் ஒரு காவலர், அந்தக் குழு அவர்மேல் பாய்ந்தது. மலாய்க்காரர் தரப்பில் சொல்லப்பட்டது: ஓரத்தில் நின்ற சீனர்கள் ஊர்வலத்தின்மேல் பாட்டில் எறிந்தார்கள். பெரிய காரணத்திலும் இதே பிளவுதான். சிங்கப்பூர் அரசு அல்பாரின் பிரச்சாரத்தைக் குற்றம் சொன்னது. கோலாலம்பூர் லீயின் அரசியலையும், அப்போது மலேசியாவோடு மோதிக்கொண்டிருந்த இந்தோனேசியாவின் கையாட்களையும் சொன்னது.

ஒத்மான் அந்த நேரத்தில் ஒரே ஒரு காரியத்தைச் செய்தார். தன் அணியைக் கலைந்து ஓடவிடவில்லை. அருகிலிருந்த பழைய காலாங் விமான நிலையக் கட்டடத்தில் மக்கள் கழகத்தின் தலைமையகம் இருந்தது. எல்லோரையும் மொத்தமாக அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். தனித்தனியாக வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு பக்கமும் அடிவாங்க வேண்டியிருந்திருக்கும். சீனர் கண்ணுக்கு அவர்கள் மலாய்க்காரர்கள். மலாய்க் கும்பலின் கண்ணுக்குத் துரோகிகள். வேறு எந்த அணிக்கும் அன்று இந்த இரட்டை ஆபத்து இல்லை.

இரவு 9.30க்கு ஊரடங்கு. நாள்கணக்கில் நீடித்தது. ஜூலைக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கேலாங் சிராயில் மலாய்க்காரரான ஒரு ரிக்‌ஷாக்காரர் கொல்லப்பட, மறுபடி மூண்டது. அதில் 13 பேர் பலி, 106 பேர் காயம்.

இன்னொரு நினைவையும் ஒத்மான் பதிவு செய்திருக்கிறார். கலவரம் முடிந்த பிறகு உத்துசானில் இருந்த ஒரு பழைய பத்திரிகைக்காரரோடு பேசியபோது, கலவரம் வரப்போவது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று அவர் சொன்னாராம். கலவரம் தொடங்குவதற்கு முன்பே செய்தி தயாராகிவிட்டது என்ற பொருளில். இது ஒருவருடைய நினைவு, நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட சாட்சி அல்ல. அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதைக் கேட்ட மனிதரை நினைத்துப் பாருங்கள். நிருபராக அவரை வளர்த்தது அந்தக் கூடம். அதே கூடத்திலிருந்து ஒருவர் வந்து இதைச் சொல்கிறார்.

ஏன் விலகவில்லை?

அந்தச் சமயத்தில் விலகியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அம்னோ கைநீட்டி வரவேற்றிருக்கும். ‘மனம் திரும்பிய மலாய் அமைச்சர்’ என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய தலைப்புச் செய்தி! குடும்பத்துக்கும் அச்சுறுத்தல் இல்லாமல் போயிருக்கும். ஒத்மான் மட்டுமல்ல, கட்சியின் மலாய்த் தலைவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. அதற்கு ஒத்மானின் துணிச்சலும் தலைமையுமே காரணம் என்று லீ பின்னாளில் அவருக்கு நன்றியோடு எழுதினார்.

லீயின் பாராட்டு சரிதான். ஆனால் அதோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன். ஒத்மான் விலகியிருந்தால் ‘இது சீனர்களின் கட்சி’ என்ற அம்னோவின் குற்றச்சாட்டு அந்த நிமிடமே உண்மையாகிவிட்டிருக்கும். பல இனக் கட்சி என்று சொல்லிக்கொள்வதற்கு லீக்கு ஒத்மான் தேவைப்பட்டார். வெறுமனே தேவைப்பட்டதோடு நிற்கவில்லை. அந்தச் சொல் பொய்யாகாமல் காப்பாற்றியவர்களே ஒத்மானும் அவரோடு நின்ற மலாய்க்காரர்களும்தான். பெரும்பான்மைக்காரர் ஒருவர் சமத்துவம் பேசுவதற்கு அவருக்குச் செலவில்லை. சிறுபான்மைக்காரர் தன் ஆள்களின் நடுவே நின்று அதையே பேசும்போது, அதற்கான விலையை அவர் வீட்டு வாசலில் கட்டுகிறார். ஊர்வலத்துக்குப் போனதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்த ஊர்வலம் அவருடைய நபியின் பிறந்தநாள் ஊர்வலம். அதிலிருந்து ஒதுங்கியிருந்தால், நீ முஸ்லிம் இல்லை என்று சொன்னவர்களிடம் அந்த நாளை ஒப்படைத்ததாகிவிடும்.

அடுத்த வருடம் இன்னும் கடினமான சோதனை வந்தது. 1965 ஆகஸ்ட் தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிவது என்று ரகசியமாக முடிவானது. ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் பக்கம் பத்து அமைச்சர்கள் கையெழுத்திட வேண்டும். பத்துப் பேரில் ஒரே மலாய்க்காரர் ஒத்மான். ராஜரத்தினமும் துணைப் பிரதமர் டோ சின் சாயும் கையெழுத்திட மாட்டோம் என்று மன்றாடினார்கள். இருவருக்கும் குடும்பம், வேர் எல்லாம் மலாயாவில். ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் வளர்ந்தது சிரம்பானில். ஒத்மானிடம் லீ நேராகக் கேட்டார்: கையெழுத்திடுவீர்களா? இடுகிறேன் என்றார். அவர் எழுப்பிய ஒரே கவலை, தனியாகிவிட்டால் கம்யூனிஸ்டுகளை எப்படிச் சமாளிப்பது என்பது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் லீ.

அந்தக் கையெழுத்து என்ன செய்தது என்று பாருங்கள். ஆகஸ்ட் 8 இரவு தூங்கப் போன சிங்கப்பூர் மலாய்க்காரர், மலாய்க்காரர்களே ஆளும் ஒரு பெரிய நாட்டின் குடிமகன். மறுநாள் காலை எழுந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் மட்டுமே தன் இனத்தவராக உள்ள ஒரு சின்னத் தீவின் சிறுபான்மைக் குடிமகன். இதற்குக் கையெழுத்திட்ட மலாய்க்காரர் என்று தன் பெயர் காலத்துக்கும் நிற்கும் என்பது ஒத்மானுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அமைச்சராகச் செய்தது

பிரிவினைக்குப் பிறகு ராஜரத்தினம் வெளியுறவுக்குப் போனார். அதுவரை அவரிடம் இருந்த கலாசாரத் துறை ஒத்மானிடம் வந்தது. 1968 வரை சமூக விவகாரத்தோடு சேர்த்து அதையும் பார்த்தார். இரண்டு பழைய பத்திரிகைக்காரர்கள், ஒருவர் மலாய்ப் பத்திரிகையிலிருந்து வந்தவர், மற்றவர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழர். பல இன நாடு என்பதை ராஜரத்தினம் 1966 இல் தேசிய உறுதிமொழியாக எழுதினார். ஒத்மான் அதை அன்றாட நிர்வாகமாக்கும் வேலையைப் பார்த்தார். முதலாமவர் எழுதியதை இன்றைக்கும் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள். இரண்டாமவர் செய்தது கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

1966 இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் 1968 இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், எல்லோரும் சொல்கிற பெயரில் ‘முயிஸ்’, உருவானது. பள்ளிவாசல், வக்பு, ஜக்காத், ஹஜ் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. அடுத்து வந்த பிரச்சினை பள்ளிவாசல்கள். கம்பங்கள் இடிக்கப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறியபோது, கம்பத்தோடு சேர்ந்து அங்கிருந்த சிறு தொழுகைக்கூடங்களும் போயின. புது நகரங்களில் தொழ இடமில்லை. 1964 இல் கிராஃபோர்டில் பற்றிய அதே நெருப்பு மறுபடி பற்றக்கூடிய இடம் இது.

1975 இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. வேலை பார்க்கும் ஒவ்வொரு முஸ்லிமின் சம்பளத்திலிருந்தும் மாதம் 50 காசு, மத்திய சேம நிதி வழியாகவே பிடிக்கப்பட்டது. வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். அரசு நிலத்தை ஒதுக்கும், பிடித்தத்தை வசூலித்துத் தரும். கட்டுகிற பணம் மக்களுடையது. அந்த நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசல், தோ பாயோவில் 1977 இல் திறந்த முஹாஜிரீன். மாதம் 50 காசு! தொழிற்சங்கச் சந்தா வாங்கிப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படி ஓர் ஏற்பாடு எளிதில் விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னத் தொகை, எல்லோரிடமும், தவறாமல்.

விளையாட்டும் சமூக விவகார அமைச்சின் பொறுப்பில்தான் இருந்தது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் கட்டுகிற வேலை 1966 டிசம்பரில் ஒத்மானின் கையால் தொடங்கியது. 55,000 பேர் உட்காரக்கூடிய அந்த அரங்கம் திறக்கப்பட்ட நாள் 1973 ஜூலை 21. கலவரம் வெடித்து சரியாக ஒன்பது வருடம், அதே காலாங். அவர் தன் அணியை அழைத்துக்கொண்டு ஒதுங்கிய பழைய விமான நிலையக் கட்டடம் அங்கிருந்து நடக்கிற தூரம். அப்புறம் 1994 வரை, மலேசியக் கிண்ணக் கால்பந்தாட்டம் என்றால் மலாய், சீன, தமிழ் ரசிகர்கள் அந்தப் படிக்கட்டுகளில் ஒரே குரலில் கத்தியதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதிவிட முடியாது. 1967 இல் கட்டாய தேசிய சேவை வந்தபோது, முதல் ஆண்டுகளில் மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் அழைக்கப்படவில்லை. சேவை முடிக்காத பையனுக்கு முதலாளிகள் வேலை தரத் தயங்கினார்கள். நம்மை நம்பவில்லை என்ற காயம் மலாய் வீடுகளில் ஆழமாகத் தங்கியது. கல்வியிலும் வருமானத்திலும் இடைவெளி குறையவில்லை. மலாய் மாணவர்களின் படிப்புக்கென்று மெண்டாக்கி அமைப்பு வந்தது ஒத்மான் அரசியலை விட்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில்தான். அமைச்சரவை முடிவுக்குக் கூட்டுப்பொறுப்பு உண்டு. இதில் ஒத்மானின் பங்கையும் எழுதத்தான் வேண்டும். 1964 இல் அவரைத் துரோகி என்று சொன்னவர்களின் பிள்ளைகளில் சிலர், தேசிய சேவை விஷயத்தைச் சுட்டிக்காட்டியே அதைத் திரும்பச் சொன்னார்கள். அந்த வசவை நான் ஏற்கவில்லை. அதன் பின்னாலிருந்த வலி நியாயமானது.

ஜகார்த்தாவில்

1977 இல் அமைச்சரவையிலிருந்து இறங்கி, இந்தோனேசியாவுக்கான தூதராகப் போனார். அவருடைய மேலதிகாரி, வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம்.

எளிதான இடமல்ல. 1965 மார்ச் 10 அன்று சிங்கப்பூரில் மெக்டொனால்டு ஹவுஸ் என்ற கட்டடத்தில் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவர் வைத்த குண்டில் 3 பேர் இறந்தார்கள். இருவரும் 1968 அக்டோபரில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கும்பல் சூறையாடியது. தூக்கிலிடப்பட்ட இருவரும் அங்கே தேசிய வீரர்கள். 1973 இல் லீ நேரில் போய் அவர்கள் கல்லறையில் பூத் தூவிய பிறகுதான் சுஹார்த்தோ அரசோடு உறவு சீரானது. அது முடிந்து இரண்டு வருடத்தில், இந்தோனேசியா படையெடுத்துப் பிடித்த கிழக்குத் திமோர் விவகாரத்தில் ஐ.நா.வில் இந்தோனேசியாவுக்கு ஆதரவாக வாக்களிக்காமல் சிங்கப்பூர் ஒதுங்கி நின்றது. ஜகார்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

அந்த இரு வீரர்களில் ஒருவர் பெயர் உஸ்மான். ஒத்மான், உஸ்மான் இரண்டும் ஒரே அரபுப் பெயர்தான், உச்சரிப்புதான் வேறு. அந்தப் பெயரையே தாங்கிய, இந்தோனேசிய மொழிக்கு மிக நெருங்கிய மலாயைத் தாய்மொழியாகப் பேசுகிற, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற ஒருவரைத் தூதராக அனுப்பியிருக்கிறார்கள். மலாய் உலகத்தின் நடுவில் செருகப்பட்ட சீன நாடு என்று சிங்கப்பூரை அக்கம்பக்கத்தில் பலரும் பார்த்த காலம் அது. எந்தப் பேச்சுவார்த்தைக்கும் முன்னால், அவர் வந்து எதிரே உட்கார்வதே ஒரு பதில். ஆனால் இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. 1964 இல் மக்கள் செயல் கட்சிக்கு அவர் எந்தச் சான்றாகத் தேவைப்பட்டாரோ, 1977 இல் நாட்டுக்கும் அதே சான்றாகத் தேவைப்பட்டார். வாழ்க்கை முழுக்க ஒருவர் தன் முகத்தையே ஆதாரமாகக் கொடுத்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை.

சில ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பினார். சுற்றுலா வாரியம், செந்தோசா மேம்பாட்டுக் கழகம் போன்ற இடங்களில் பொறுப்பு வகித்தார். பேய்க்கதைகளுக்கும் திரும்பினார், 1990களில் அவை ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்து புது வாசகர்களைப் பிடித்தன. 1997 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் ஜூலை 21 ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. பிள்ளைகள் ஒருவர் இனத்து உடையை மற்றவர் போட்டுக்கொண்டு வருவார்கள். பாஜு குரோங் அணிந்த தமிழ்ச் சிறுமி, வேட்டி கட்டிய சீனப் பையன். அந்தத் தேதியின் கதையை நேரில் கண்டு சொல்லக்கூடிய ஆள்கள் அப்போது குறைந்துகொண்டிருந்தார்கள். ஒத்மான் முதுமையிலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2017 ஏப்ரல் 17 அன்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 92. மறுநாள் கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை நடந்தது. 1964 இல் அவர் நடந்துபோன விக்டோரியா தெரு அந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கம்தான். சுவா சூ காங்கில் அடக்கம் செய்தார்கள். அரசுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. பிரிவினை ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் பக்கம் கையெழுத்திட்ட பத்துப் பேரில், அன்று உயிரோடு இருந்தவர்கள் ஓங் பாங் பூன், ஜெக் யுன் தோங் இருவர் மட்டுமே.